வெள்ளிக்கிழமை வைத்த ஆட்டம்

1

அஃப்ரின், போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நெட் போய்விட்டதென்று அப்புறம் மெசேஜ் போட்டேன். நெட் போகவில்லை. நான்தான் வைத்துவிட்டேன்.

"லீவுல வந்து எங்ககூட இருந்ததவிட மஞ்சக்குப்பத்துலதான் வாப்பா ஜாஸ்தி இருந்தீங்க. ஒரு பொட்டலத்த ஒதைக்கிறதுக்கு அப்புடி என்ன?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். பக்கத்து வீட்டு விஷயத்தைக் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாய். அதுதான் பதில் சொல்லவிடாமல் செய்தது.

இங்கே குவைத்தில் என்னோடு ஒரே ரூமில் இருந்த செல்வம் மாமா இறந்து இன்றைக்கு ஒரு வருஷம். ரூமில் யாரும் அதைப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் காலையில் எல்லோரும் துணி துவைத்துக் காயப்போட்டோம். அவருடைய கட்டிலில் இப்போது பீகாரிலிருந்து வந்த ஒருவர் படுக்கிறார். நல்ல மனிதர். அந்தக் கட்டிலைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். பேசினால் நடுவில் தடுமாறிவிடுகிறேன், எழுதினால் நிறுத்தி யோசித்துக்கொள்ளலாம். அதனால் எழுதுகிறேன். நீயும் சமீரும் படியுங்கள். உங்களோடு படிக்கிற பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அவர்களில் பாதிப் பேருடைய வாப்பா என்னைப் போல எங்கோ ஒரு கட்டிலில்தான் இருக்கிறார்.

2

குவைத்தில் நாங்கள் இருக்கிற கேம்ப் ஊருக்கு வெளியே இருக்கிறது. தகர ரூம்கள், ஒரு சமையல் கொட்டகை, உயரத்தில் ஒரு தண்ணீர் டேங்க். டேங்குக்குக் கீழே கொஞ்சம் சிமெண்ட் தரை உண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அசர் தொழுகைக்குப் பிறகு டேங்கின் நிழல் அந்தத் தரையில் நீளமாக விழும். வாரத்தில் எங்களுக்குக் கிடைக்கிற நிழல் அதுதான்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தது நேபாளத்துக்காரர் பிரேம். அவர் ஊரில் ரப்பரை வெட்டிக் கொத்தாகக் கட்டி, கீழே விழாமல் காலால் உதைப்பார்களாம். அவர் தனியாக உதைத்துக்கொண்டிருப்பார், நாங்கள் வேடிக்கை பார்ப்போம். ஒரு நாள் செல்வம் மாமா எழுந்து போய் எதிரில் நின்றுவிட்டார். அடுத்து சிதம்பரம் பாஸ்கர் மாமா போனார். அடுத்து நான். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அது வட்டமாகிவிட்டது.

ரப்பர் கொத்து இங்கே வெயிலில் இளகிவிடும். பழைய யூனிஃபார்ம் துணியைச் சின்னதாகத் தைத்து உள்ளே அரிசி போட்டோம். பாஸ்கர் மாமா லீவுக்கு ஊருக்குப் போனபோது நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, இதற்கு ஃபுட்பேக் என்று பெயர், வெளிநாடுகளில் போட்டியெல்லாம் வைக்கிறார்கள் என்றார். எங்கள் வாயில் அது பொட்டலம்தான். அரிசி நொறுங்கி மாவானது. மணல் கல் மாதிரி இறுகிப்போனது. கடைசியில் செல்வம் மாமா லீவுக்குப் போனபோது காடாம்புலியூரில் அவர் வீட்டிலிருந்து கொஞ்சம் கம்பு கொண்டுவந்தார். அதுதான் சரியாக அமைந்தது. பந்து மாதிரி எகிறாமல் காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வட்டத்தில் நாங்கள் கடைப்பிடித்தது இரண்டே பழக்கம். கையில் பொட்டலம் வைத்திருப்பவர் தனக்குத் தானே போட்டு உதைக்கக் கூடாது, அடுத்தவருக்குத்தான் முதலில் போடவேண்டும். இதை பாஸ்கர் மாமா நெட்டில் பார்த்துச் சொன்னார். இன்னொன்று, தவறவிட்டவர் சாரி சொல்லக் கூடாது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களிடமும் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஆனால் எங்களிடம் அது செல்வம் மாமாவிடமிருந்துதான் வந்தது. முதல் நாள் நான் தவறவிட்டுவிட்டு சாரி சாரி என்றபோது அவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

"நாளு பூரா அந்தாளுங்ககிட்ட சாரி சார், சாரி சார்னுதான மச்சான் நிக்கிறோம். இங்கயும் அது வேணாம். வுட்டவன் எடுத்து அடுத்தவனுக்குப் போடட்டும், அவ்ளோதான்."

செல்வம் மாமாவின் ஆட்டத்தில் ஒரு விஷயம் உண்டு. பொட்டலம் அவரிடம் வரும்போது கவனிக்காதவர்போல் நிற்பார். அது முழங்காலைத் தாண்டி இறங்கும். போச்சு என்று நாங்கள் சத்தம் போடுவோம். தரையைத் தொடப்போகிற நேரத்தில் இடது பாதத்தை மடித்து உள்பக்கமாக ஒரு ஏந்து ஏந்துவார். பொட்டலம் டேங்க் உயரத்துக்குப் போகும். அவர் முகத்தில் சிரிப்பே இருக்காது. நாங்கள்தான் சிரிப்போம்.

வேலை நடக்கிற இடத்திலும் கேம்ப்பிலும் அப்போது எங்கள் கம்பெனியில் கேமரா போனுக்கு அனுமதி இல்லை. பட்டன் போன்தான். அதனால் அவர் ஆடியது எதிலும் பதிவாகவில்லை. எங்கள் கண்ணில் இருப்பதோடு சரி.

3

போன வருஷம் இதே நாள் காலையில் டியூட்டி பஸ் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எப்போதும் முதல் ஆளாகப் போய் ஜன்னல் சீட் பிடிக்கிறவர் அவர். அன்று எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் உலுக்கினேன். கை சில்லென்றிருந்தது. அதற்கு மேல் உங்களுக்கு எழுத வேண்டாம்.

இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உடம்பு ஊர் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. ஒரு ஆபீசில் கையெழுத்து போட்டால் இன்னொரு ஆபீசில் முத்திரை இல்லை என்பார்கள். முத்திரை போட்டால் அன்றைக்குப் பார்த்து அந்த ஆள் லீவு. எனக்குத் தெரிந்த அரபு எல்லாம் சாமான் தூக்குவதற்கும் கணக்கு முடிப்பதற்கும் ஆன அரபு. செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பேச அதில் வார்த்தை இல்லை. கவுண்டரில் நின்று செல்வம், பினிஷ், ஹலாஸ் என்றேன், வேலை முடிந்தது என்று சொல்வதுபோல். சொன்ன பிறகு எனக்கே நாக்கு கூசியது.

வட்டம் அதற்குப் பிறகும் நடந்தது. டேங்குக்கு முதுகைக் காட்டி, எனக்கு இடது பக்கத்தில் அவர் நிற்பார். அந்த இடத்தை யாரும் அடைக்கவில்லை. நெருங்கி நின்றுகொள்ளலாம் என்று பிரேம்கூட சொல்லவில்லை. அங்கே போகிற பொட்டலம் தரையில் விழும். பக்கத்தில் இருப்பவர் போய் எடுத்து வருவார். கேம்ப்பைச் சுத்தம் பண்ணியபோது அவருடைய அந்தக் கம்புப் பொட்டலத்தையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். பெட்டியில் கட்டி அவர் வீட்டுக்கு அனுப்பிய சாமானில் சட்டைகள் இருந்தன, ஷேவிங் செட் இருந்தது, ஒரு தைல பாட்டில் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவருடைய சம்சாரம் மஞ்சுளா எனக்கு போன் பண்ணினார். அவர்கள் மகள் இலக்கியா பிளஸ் டூ படிக்கிறாள், உன்னைவிட ஒரு வயது பெரியவள். அவள்தான் பேசச் சொன்னாளாம்.

"அண்ணே, பொண்ணு ஒன்னு கேக்குது. அவுரு அங்க எப்படி இருந்தாருன்னு கேக்குது. லீவுல வந்தா தூங்குவாரு, முந்திரிக் கொல்லைக்குப் போவாரு, அவ்ளோதான் அதுக்குத் தெரியும். முகத்தக்கூட சரியா பாக்க வுடல, பெட்டிய தெறக்காதீங்கன்னுட்டாங்க. நீங்க கூட இருந்தவரு. எப்புடி இருப்பாரு அங்க?"

நான் நல்லாத்தான் இருந்தார் என்றேன். போனை வைத்த பிறகு அது ஒரு பதிலே இல்லை என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு டேங்கின் கீழே நின்றவர்தான் செல்வம். அதை வாயால் எப்படிச் சொல்வது?

அந்த ஏந்தலை அப்படியே செய்யத் தெரிந்தவர் பாஸ்கர் மாமா ஒருவர்தான். என் முழங்கால் வலி உனக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தால், ஊரில் ஒரு வட்டம் போட்டு அந்தப் பிள்ளைக்குக் காட்டிவிடலாம் என்று நினைத்தோம். அவள் வீட்டு வாசலிலேயே செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எங்களுக்கு, செல்வம் பெயரில் நாலு பேர் பார்க்க ஒரு போட்டியாகவே நடத்தவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

4

சிதம்பரத்தில் பாஸ்கர் மாமா போன லீவிலேயே காலேஜ் பையன்கள் சிலருக்கு ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்திருந்தார். அவர்கள் அவரைவிட நன்றாக ஆட ஆரம்பித்து, தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் வைத்திருந்தார்கள். பரங்கிப்பேட்டையில் நம் தெருப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் உண்டு. இலக்கியாவும் நெட்டில் பார்த்துப் பழகுகிறாள், கூடப் படிக்கிற பெண்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மஞ்சுளா சொன்னார். மூன்று ஊருக்கும் பொதுவாக கடலூர் மஞ்சக்குப்பத்தில் வைக்கலாம் என்று கேம்ப்பிலேயே முடிவு செய்தோம். தேதியும் கேம்ப்பில் வைத்தே குறித்தோம். ஆட்டம் என்றால் எந்தக் கிழமை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

லீவு வாங்க ஃபோர்மேனிடம் நாங்கள் கெஞ்சியது தனிக் கதை. எனக்குக் கொஞ்சம் நீண்ட லீவு. பாஸ்கர் மாமாவுக்குச் சின்ன லீவு. போட்டி முடிந்த மறுநாள் விடியற்காலை அவருக்கு விமானம்.

ஊருக்கு வந்ததும் மைதானத்துக்கு அனுமதி கேட்டுப் போனேன். ஆபீசில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபுட்பேக்கா? பை வியாபாரமா பாய்? கண்காட்சின்னா வேற செக்ஷன்."

விளையாட்டு என்றேன். எந்தச் சங்கத்தில் பதிவு என்றார். சங்கம் இல்லை, எங்கள் கூட்டாளி ஒருவர் பெயரில் நடத்துகிறோம் என்றேன். அப்படியென்றால் நினைவேந்தல் கூட்டமா, கட்சிக்காரரா என்று கேட்டார். கடைசியில் பாக்கெட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்து அந்த வராந்தாவில் உதைத்துக் காட்டினேன். அது போய் ஒரு அம்மாவின் சாப்பாட்டுப் பையில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நான் மஞ்சக்குப்பத்தில் ஜாஸ்தி இருந்த நாட்களெல்லாம் இவைதான், அஃப்ரின்.

ஒரு வழியாகக் கையெழுத்து போடும்போது அவர் சொன்னார். "ஞாயித்துக்கெழமன்னா கிரிக்கெட் பசங்க வுட மாட்டானுங்க. நீ கேக்கறது வெள்ளிதான? தாராளமா எடுத்துக்க, ஒரு ஈ காக்கா வராது."

ஹலாஸ் என்று சொல்லி அவருக்குக் கை கொடுத்தேன். அவர் விழித்தார். வெளியே வந்து, நம் அதிர்ஷ்டம் மைதானம் காலியாகக் கிடைத்தது என்று பாஸ்கர் மாமாவுக்கு போன் செய்தேன்.

நம் டெய்லர் கடையில் பொட்டலங்கள் தைக்கக் கொடுத்தேன். உள்ளே போடக் கம்பு வேண்டுமென்று மஞ்சுளாவிடம் கேட்டேன். ஒரு பை நிறைய பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். போட்டித் தேதியைச் சொன்னேன். சரிண்ணே என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சிக்னல் என்று நினைத்தேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸில் தேதி போட்டிருந்தோம், நேரம் போட்டிருந்தோம். கிழமை போடவில்லை.

5

அன்றைக்கு சுபுஹு தொழுதுவிட்டு நான் கிளம்பிவிட்டேன். நீங்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் யூனிஃபார்ம் போடுவதைப் பார்த்திருந்தால்கூட எனக்கு உறைத்திருக்கும்.

சுண்ணாம்புத் தூளால் தரையில் வட்டங்கள் போட்டோம். இரண்டு கம்பம் நட்டு, முழங்கால் தாண்டிய உயரத்தில் ஒரு வலை கட்டினோம். நாற்காலி வந்தது, மைக்செட் வந்தது. செல்வம் மாமாவின் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி பேனரில் போட்டிருந்தோம். அதில் அவர் யாரிடமோ திட்டு வாங்குகிறவர் மாதிரி இருப்பார். வேறு போட்டோ கிடைக்கவில்லை.

நேரமானதும் ஆட்கள் வந்தார்கள். நம் ஊர்க்காரர்கள். துபாயிலிருந்து வந்தவர், சவூதியிலிருந்து வந்தவர், என் வயதுக்காரர்கள். ஜும்ஆ தொழுகைக்குத் தயாராக வெள்ளைச் சட்டை போட்டு அத்தர் பூசி வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் வரைக்கும் எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் இருந்தது. அப்புறம் அவர்களில் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஆமா மச்சான், புள்ளைங்க எங்க?"

பாஸ்கர் மாமா சிதம்பரத்துப் பையன்களுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. பையன் மெதுவாகப் பேசினான், கிளாஸில் இருந்திருப்பான்.

"அண்ணா, இன்னிக்கு காலேஜ்ண்ணா. நாங்க ஞாயித்துக்கெழமன்னு நெனச்சிட்டோம். தேதிய சரியா பாக்கலண்ணா. இன்டர்னல் வேற நடக்குது."

பாஸ்கர் மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வந்திருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே நின்ற எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை என்றால் லீவு. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பிள்ளைகளுக்கு அது ஸ்கூல் நாள் என்று. வருஷக்கணக்காக வெளியே இருந்து எங்கள் வாரமே வேறாகிவிட்டது.

நான் உடனே மஞ்சுளாவுக்கு போன் செய்தேன். இலக்கியாவுக்கு அன்று பிராக்டிகல் பரீட்சை.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நான் சொல்றேன்னுதாண்ணே சொன்னேன். அதுதான் வேணாம்னுடுச்சி. அவுங்களுக்கு லீவு கெடைக்கிறதே கஷ்டம், நமக்காக மாத்தச் சொன்னா அப்பாவுக்குக் கொறச்சல்னு சொல்லிட்டு, விடிகாலையே எழுந்து படிச்சிட்டுப் போச்சி."

வீட்டில் உன் உம்மாவைக் கேட்டபோது, பெரியவர்கள் ஆடுகிற ஆட்டம், அதனால்தான் ஸ்கூல் நாளில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றாள். அவள்மேல் தப்பில்லை.

அந்த மைதானத்தில் நின்றபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது, அஃப்ரின். இத்தனை வருஷமும் நான் உங்களைக் கூப்பிடுவது வெள்ளிக்கிழமை விடிந்ததும்தான். எனக்கு அன்றுதான் அவசரமில்லாத காலை. கூப்பிடும்போதெல்லாம் நீ உம்மாவிடம் சாக்ஸ் கேட்டுக்கொண்டே, சரி வாப்பா, அப்புறம் பேசறேன் வாப்பா என்பாய். சமீர் வாயில் இட்லியோடு ஏதோ சொல்லிவிட்டு ஓடுவான். பிள்ளைகளுக்கு நான் வேண்டாதவனாகப் போய்விட்டேன் என்று இங்கே கட்டிலில் படுத்து யோசித்திருக்கிறேன். செல்வம் மாமாவிடம்கூடச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன். அவரும் ஆமாம் மச்சான், என் பொண்ணும் அப்படித்தான், போன எடுத்தா வைக்கிறதுலயே குறி என்பார். அவர் கூப்பிட்டதும் வெள்ளிக்கிழமைதான். அது அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விட்டது.

ஆட்டத்தை நடத்தாமல் விடவில்லை. மைக்செட்காரர் எப்ப ஆரம்பிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் நின்றார்கள். பாதிப் பேருக்கு ஆடத் தெரியாது. பாஸ்கர் மாமா செல்வம் மாமாவின் ஏந்தலைச் செய்தார். நன்றாகவே செய்தார், என் போனில் பிடித்துக்கொண்டேன். எழுபது வயது இருக்கும் ஒருவர் நடைப்பயிற்சிக்கு வந்த இடத்தில் நின்று கைதட்டினார். வேறு சத்தம் இல்லை.

ஜும்ஆவுக்கு நேரமானது. நாற்காலிகளை அடுக்கி ஏற்றினார்கள். பாஸ்கர் மாமா அங்கிருந்தே வீட்டுக்குப் போய்ப் பெட்டி எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்ப வேண்டும்.

"காடாம்புலியூருக்கு ஒரு எட்டு போயிட்டு போலாமா பாய்? புள்ள எப்ப வரும்?" என்று கேட்டார்.

சாயந்திரம் ஆகும் என்றேன். அவர் மணி பார்த்தார். முடியாது என்று தலையை ஆட்டினார். போகும்போது பேனரைச் சுருட்டித் தன் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

6

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் காடாம்புலியூர் போனேன். முந்திரி பூத்திருந்த நேரம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த வாசம் அடித்தது. செல்வம் மாமா இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

மஞ்சுளா டீ போட்டுக் கொடுத்தார். இலக்கியா டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தாள். வாங்க மாமா என்றாள். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டேன், பரவாயில்லை என்றாள். வழியெல்லாம் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஆரம்பித்தேன். எங்களுக்கு வெள்ளிக்கிழமை என்பது, என்று தொடங்கியதும் அவள் குறுக்கே வந்தாள்.

"தெரியும் மாமா. அப்பாவும் வெள்ளிக்கெழமதான் போன் பண்ணுவாரு. நான் ஸ்கூலுக்குக் கிளம்பிட்டு இருப்பேன்."

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தேன்.

போனில் பாஸ்கர் மாமா ஆடியதைக் காட்டினேன். முழுவதும் பார்த்தாள். திரும்ப ஒரு முறை போட்டுப் பார்த்தாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"நல்லா ஆடுறாரு. ஆனா இது பாஸ்கர் மாமாதான மாமா."

ஒரு லீவு, ஆபீஸ் அலைச்சல், மைக்செட், பேனர் எல்லாம் இந்த ஒரு நிமிஷ வீடியோவாக என் கையில் இருந்தது. அதுவும் அவளுக்கு வேண்டியதாக இல்லை. கிளம்பலாம் என்று எழுந்தேன். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பொட்டலத்தை அவளிடம் நீட்டினேன். உள்ளே இருப்பது உங்கள் வீட்டுக் கம்பு என்றேன். விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"அங்க அப்பா எங்க நிப்பாரு மாமா?"

வாசலில் இறங்கிக் காட்டினேன். வேலியோரம் இருந்த தொட்டியை டேங்க் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். இது சமையல் கொட்டகை, இங்கே பிரேம், இங்கே பாஸ்கர் மாமா, இது நான். எனக்கு இடது பக்கம், தொட்டிக்கு முதுகைக் காட்டி, இங்கே உன் அப்பா.

அவள் போய் அந்த இடத்தில் நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மஞ்சுளா டீ டம்ளரோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் என் இடத்தில் நின்றேன். மற்ற இடங்கள் காலி. பொட்டலத்தை என்னிடம் கொடுத்தாள், நான் அவளுக்குப் போட்டேன். ஒரு முறை உதைத்தாள், இரண்டாவதற்குக் கால் எட்டவில்லை. மண்ணில் விழுந்தது.

"சாரி மாமா."

அப்போதுதான் அந்தப் பழக்கத்தைச் சொன்னேன். உன் அப்பா போட்ட சட்டம் இது, எங்கள் வட்டத்தில் அந்த வார்த்தை கிடையாது என்றேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நாளு பூரா அந்தாளுங்ககிட்ட சாரி சார், சாரி சார்னுதான மச்சான் நிக்கிறோம், இங்கயும் அது வேணாம் என்று அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். மஞ்சுளா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இலக்கியா அழவில்லை. அப்படியே பேசுவாரா என்று மட்டும் கேட்டாள். அப்படியேதான் பேசுவார் என்றேன்.

திரும்பவும் போட்டேன். திரும்பவும் விழுந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, எனக்குப் போட்டாள்.